டயர்ல காத்து எறக்கற சூட்சுமம்

போதும்டா பேராண்டி, அந்த வீடியோவ நிறுத்து. மூணாவது தடவ பாக்கறேன். அதே மணலு, அதே மேடு, அதே கத்தல். வெள்ளைக் காருக்குள்ள ஏழு பேர அடைச்சி, மேட்டுல ஏத்தி, பள்ளத்துல தள்ளி, எல்லாரும் "ஓ"ன்னு கூவறீங்க. எங்க காலத்துல மாடு மெரண்டு வண்டி வாய்க்கால்ல எறங்குனா உள்ள இருக்கறவனும் இதே சத்தந்தான் போடுவான். ஆனா அவன் வண்டிக்காரனுக்குக் காசு குடுத்ததில்ல. எறங்கி ரெண்டு குடுப்பான், அது வேற.

இதுக்குத் தலைக்கு எவ்ளோ வாங்கனான்? வாணாம், சொல்லாத. உங்கம்மா அடுப்பாண்டதான் இருக்குறா.

உக்காரு. முறத்துல மல்லாட்ட இருக்குது, உரிச்சிக்கிட்டே கேளு. முப்பது நாள் லீவுல வந்தவன் கைய சொம்மா வெச்சிருந்தா அது போனத் தேடிப் போவும்.

மொதல்ல ஒரு சந்தேகம். மணல்ல உருளறதுக்கா துபாய் போன? செய்யாத்துல மணலு மணலா இருந்த காலத்துல உங்கம்மா உருண்டா, காசு கேக்க ஆளில்ல. அப்புறம் அத லாரி லாரியா அள்ளிட்டுப் போயி ஊரெல்லாம் மாடி கட்டிட்டானுங்க. நீ உருள்ற மணல எவனும் அள்ள மாட்டான், தெரியுமா? சென்ட்ரிங் அடிச்சவன் சொல்றேன், கேட்டுக்கோ. பாலைவனத்து மணலு கட்டடத்துக்கு ஆவாது. காத்துல உருண்டு உருண்டு கூரெல்லாம் மழுங்கி, கடுகு மாதிரி வழவழன்னு ஆயிடுச்சி. சிமெண்ட்ட கெட்டியாப் புடிக்காது. வாசல் தெறந்தா கண்ணுக்கெட்டுன மட்டும் மணலு, ஆனா ஊடு கட்ட வேற மணலு தேடணும். துபாய்க்காரன் யோசிச்சான், இந்த மணல இன்னா பண்றதுன்னு. ஞாயித்துக்கெழம ஆனா உன்ன மாதிரி ஆளுங்கள ஏத்தி உருட்டி உட்டுட்டான். கெட்டிக்காரன்.

வண்டி மணல்ல எறங்கறதுக்கு முந்தி டயர்ல காத்து எறக்குனீங்களே, அது மட்டும் எனக்குப் புடிச்சிது. ரோட்டுல 35 பவுண்டு காத்தோட ஓடறத 15 பவுண்டுக்கு எறக்கிட்டா, டயரு தளந்து பரப்பிக்கிட்டு ஒட்டகத்துப் பாதமா ஆயிடுது. பாதம் பரந்திருந்தா மணலு தாங்கும், குறுகிப் போயிருந்தா முழுங்கும். தலைக்குள்ள காத்து ரொம்புனவனுக்கும் இதே வைத்தியம்தான், ஆனா வால்வு எங்க வெச்சிருக்குதுன்னு இன்னும் எனக்குப் புடிபடல. உன் தலையத்தான் பாத்துக்கிட்டிருக்கறேன்.

மேட்டுல ஏறும்போது பாதியில நிக்காத. ப்ரேக்க மிதிச்சா சக்கரத்துக்கு முன்னால மணலு குமிஞ்சி அணை போட்டுடும். எறங்கும்போது நேரா எறங்கு, குறுக்கால சாஞ்சி எறங்குனா வண்டி உருண்டு மல்லாந்துடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காம காத்து அடிச்சிக்கோ, தளந்த டயரோட நூத்திருவதுல பறந்தியன்னா சூடேறி வெடிக்கும். எப்பவும் ரெண்டு வண்டியாப் போ. ஒண்ணு மாட்டுனா இழுக்க இன்னொண்ணு வேணும். பொண்ணு பாக்கப் போறதுக்கும் அதே கணக்குதான்.

முறைக்காத. இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கறியா? நீ பொறக்கறதுக்கு இருவது வருசம் முந்தியே உங்க தாத்தன் அந்த மணல்ல பல்லு வெளக்கனவன்டா. 1981ல சவுதிக்குப் போனேன், ஜுபைலு. அங்க கடக்கரையில புதுசா ஒரு பட்டணத்தையே கட்டிக்கிட்டிருந்தான். ஷட்டரிங் கார்ப்பெண்டர்னு பாஸ்போர்ட்டுல எழுதி இருந்தாங்க. ஊருல சென்ட்ரிங் பலகை தூக்குனவன் கடல் தாண்டுனதும் கார்ப்பெண்டர் ஆயிட்டேன். நீயும் அப்படித்தானே? இங்க பைல் அடுக்குனா அட்டெண்டரு, அங்க அடுக்குனா டாக்குமெண்ட் கன்ட்ரோலரு.

எங்களுக்கு லீவு வெள்ளிக்கெழம ஒருநாள். ஆபீஸ்காரனுங்களுக்கு வேணா வியாழனும் சேத்து. அப்புறம் அவனவன் கெழமைய மாத்த ஆரம்பிச்சான். உங்க துபாய்க்காரன் 2006ல வெள்ளி, சனின்னான். சவுதிக்காரன் 2013ல அதுக்கு வந்தான். 2022 பொறந்ததும் உங்காளு மறுபடியும் மாத்தி, வெள்ளிக்கெழம அரை நாள், சனி ஞாயிறு லீவுன்னு ஆக்கிட்டான். நம்ம ஊருல ராவுகாலத்தக் கூட எவனும் நகத்த முடியல, அங்க ஞாயித்துக்கெழமையையே தூக்கி வேற எடத்துல வெக்கறான். ஆனா ஒண்ணு, பலகை தூக்கறவனுக்கு எந்தக் கெழமைய மாத்துனாலும் ஒருநாள்தான். அந்த ஒருநாள்ல துணி தொவைக்கணும், முடி வெட்டணும், வாரத்துக்கும் சேத்துத் தூங்கணும், ஊட்டுக்குப் பேசணும். அவன் வீடியோ எடுத்தா அதுல கொடியில தொங்கற பனியனுதான் தெரியும். எவன் பாப்பான்?

வெயிலப் பத்திக் கேக்கறியா? இப்ப ஜூன் 15லருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் பன்னெண்டரையிலருந்து மூணு வரைக்கும் வெளிய வேல வாங்கக் கூடாதுன்னு உங்க நாட்டுல சட்டம் இருக்குது. நல்ல சட்டம். எங்களுக்கு சட்டம் போட்டது பூட்ஸுதான். அடி சுட்டா நெழலுக்கு ஓடு.

சரி, கதைக்கு வரேன். 1982, சனவரி மாசம். நல்ல மழை பேஞ்சி ஓஞ்ச நேரம். அரபிக்காரன் மழைக்கப்புறம் பாலைவனத்துல ஒண்ணு தோண்டுவான், பகான்னு பேரு. மண்ணுக்கடியில உருளக்கெழங்கு மாதிரி இருக்கும், ஆனா காளான் சாதி. இடி இடிச்சாத்தான் அது உண்டாவும்னு அவன் சொல்லுவான். இங்க உங்க ஆயா இன்னா சொல்லுவா? இடி இடிச்சா காளான் மொளைக்கும்பா. நடுவுல அம்மாம் கடலு கெடக்குது, பேச்சு ஒண்ணாத்தான் இருக்குது. அதத் தோண்டி வித்தா நல்ல காசுன்னு எவனோ சொல்ல, அஞ்சு பேரு கெளம்பிட்டோம். ரெண்டு மலையாளி, ஒரு பட்டாணி ட்ரைவரு, ஆரணிக்காரன் ஒருத்தன், நானு. வண்டி கம்பெனியோடது. கம்பெனிக்குத் தெரியாது. பேரு சொல்ல மாட்டேன், இன்னமும் பயந்தான்.

அங்க கடக்கரையோரம் சப்கான்னு ஒரு பூமி இருக்குது. மணலக் கூட நம்பலாம், அத நம்பக் கூடாது. பாக்கறதுக்குக் கோடையில காஞ்ச நம்ம ஏரி மாதிரி தட்டையா, மேல உப்பு பூத்து, சிமெண்ட் போட்ட களம் மாதிரி இருக்கும். மேல ஓடு, அடியில சேறு. ஏரிக்குள்ள வண்டி ஓட்டி வளந்தவன் நானு, எனக்கே தெரியல. பட்டாணி "ரோடு மாதிரி இருக்குது"ன்னு சந்தோசமா உட்டான். நூறடி போயிருப்போம். பப்படம் ஒடையற மாதிரி ஒரு சத்தம். அச்சு வரைக்கும் எறங்கிடுச்சி. தோண்டத் தோண்டத் தண்ணி ஊறுது. பாலைவனத்துல தண்ணி கெடைச்ச சந்தோசத்த அன்னைக்குத்தான் பாத்தேன், அதுவும் உப்புத் தண்ணி.

ராத்திரி முழுக்க வண்டிக்குள்ள. சனவரி குளுரு, கார்த்திகை குளுரெல்லாம் அதுக்குத் தம்பி. ஆரணிக்காரன் "அண்ணாமலையானே"ன்னு பல்லு தட்டத் தட்டக் கூப்புடறான். நான் சொன்னேன், அவருக்கு எல்லை 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைடா, இவ்ளோ தூரம் கேக்காதுன்னு. காலையில ஒரு பதூ கெழவன் பிக்கப்புல வந்தான். பின்னால ஒட்டகம் ஒண்ணு காலு மடக்கி உக்காந்துருக்குது, ஊருப் பெரிய மனுசன் ஜீப்புல போற தோரணையில. கெழவன் எறங்கி ஒண்ணும் பேசல. எங்க டயர்ல காத்த எறக்குனான். பலகையும் பழைய கம்பளியும் அடியில போட்டான். கயித்தக் கட்டி இழுத்தான். யாரு, எந்த ஊரு, வண்டி யாருதுன்னு ஒரு கேள்வி இல்ல. நம்ம ஊருல பஞ்சர் ஒட்டறவனே குலம் கோத்திரம் கேட்டுட்டுத்தான் டியூப்ப வெளிய எடுப்பான்.

கூடாரத்துக்குக் கூட்டிட்டுப் போயி பேரிச்சம்பழமும் காப்பியும் குடுத்தான். காப்பின்னா நம்ம டவரா காப்பி இல்ல. ஏலக்கா போட்டு, சக்கர இல்லாம, கொழந்தைக்கு மருந்து ஊத்தற சங்கு அளவுக்கு ஒரு குட்டிக் கிண்ணம். குடிச்சதும் ஊத்தறான். மறுபடி குடிச்சேன், மறுபடி ஊத்தறான். பெரியவரு ஊத்தறத வாணாங்கறது மரியாதை இல்லையேன்னு குடிச்சிக்கிட்டே இருந்தேன். பதினோரு கிண்ணம்டா! கை நடுங்குது, நெஞ்சு உடுக்கை அடிக்குது. கெழவன் மனசுக்குள்ள "இந்தக் கறுப்பன் ஊட்டுக் காப்பிய காலி பண்ணத்தான் வந்திருக்கறான்"னு நெனச்சிருப்பான். கடைசியில பட்டாணி காதுல சொன்னான், போதும்னா கிண்ணத்த லேசா ஆட்டிக் குடுக்கணுமாம். அம்மாம்தான் சேதி. நீ இத்தன வருசமா அங்க இருக்கறியே, எந்த அரபி ஊட்டுலயாவது உக்காந்து கிண்ணத்த ஆட்டி இருக்கறியா? கராமாவுல தமிழனோட பெட் ஸ்பேஸு, தேராவுல தமிழன் மெஸ்ஸு, சனிக்கெழம தமிழனோட மணலு. அரபிய எங்க பாத்த? நோட்டுல பாத்திருப்ப.

பெட் ஸ்பேஸுன்னதும் ஞாபகம் வருது. அறுவது சென்ட் நெலத்த குத்தகைக்கு உட்டுட்டுப் போயி ஆறடிக் கட்டலுக்கு வாடகை குடுக்கறியே, அதுவும் மேல் கட்டலு. அந்தக் கட்டல ஏண்டா வீடியோவுல காட்டல? புர்ஜ் கலீபாவ மட்டும் கழுத்து வலிக்க வலிக்கக் காட்டுன. 828 மீட்டருன்ன. நம்ம அண்ணாமலை 814 மீட்டருன்னு போட்டிருக்கான். பதினாலு மீட்டரு அவன் ஒசத்தின்னு சிரிச்ச. அந்தப் பதினாலு எங்க போச்சின்னா, கீழ கிரிவலப் பாதையா படுத்துருக்குது, கிலோமீட்டர் கணக்குல. அவன் தரையிலருந்து அளந்தான், நம்மாளு கடலுலருந்து அளந்தான்னு வாத்தியாரு மாதிரி திருத்தாத. எனக்கும் தெரியும்.

பாதைன்னதும் இன்னொண்ணு. அடி அண்ணாமலையில பொறந்தவன் நீ. வாசல்ல நின்னா பாதை. என்னைக்காவது எட்டு லிங்கத்தையும் நடந்து பாத்திருக்கறியா? இந்திர லிங்கத்துலருந்து ஈசான்ய லிங்கம் வரைக்கும் பைக்குல போயிட்டு வந்து "சுத்திட்டேன்"ங்கற. பைக்குதான் சுத்துச்சி, நீ உக்காந்திருந்த. ஆனா ரமண நகருல வாடகைக்கு இருக்கறானே அந்த வெள்ளக்காரன், மாசி வெயில்லயும் செருப்பில்லாம நடக்கறான். அவனும் உன்ன மாதிரிதாண்டா, பொழைக்கப் போன எடத்துல விசா புதுப்பிக்க அலையறவன். உன் பாலைவனம் உனக்கு, இந்த மலை அவனுக்கு. குளுருக்குப் பயந்து அவன் இங்க வரான், கடனுக்குப் பயந்து நீ அங்க போற. நடுவுல அந்த ஏரோப்ளேன்காரன் ரெண்டு பக்கமும் டிக்கெட் கிழிக்கறான்.

இது இன்னைக்கு நேத்து வழக்கமில்ல. 1931ல பால் பிரண்டன்னு ஒருத்தன் வந்தான், ரமணர பாத்துட்டுப் போயி புஸ்தகம் எழுதுனான். அதப் படிச்சிட்டு வந்தவங்க எத்தன பேரு. மேஜர் சாட்விக்குனு ஒரு ராணுவக்காரரு 1935ல வந்தவரு, திரும்பிப் போவவே இல்ல. சாமர்செட் மாம்னு பேரு பெத்த எழுத்தாளரு 1938ல வந்தாரு. இவங்கெல்லாம் இங்கிலீஷ்காரங்க, உடு. 1936ல எஸ். எஸ். கோஹன்னு ஒருத்தரு வந்தாரு. எந்த ஊருக்காரருன்றே? இராக்குல பொறந்த யூதரு! நீ எந்த மணலத் தேடி ஓடறியோ அதுக்குப் பக்கத்து மணல்லருந்து கெளம்பி, ஆசிரமத்தாண்ட பலாக்கொத்துல குடிசை போட்டு உக்காந்துட்டாரு. உன்னோட பாதையில எதுக்க வந்தவரு அவரு. வழியில பாத்திருந்தா ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு பைத்தியம்னு நெனச்சிருப்பீங்க.

போவாதன்னு சொல்லல. போ. நான் போவலையா? மணல்லயும் உருளு, வயசு இருக்குது. மழை மேகம் பாத்தா மட்டும் வாடிப் பக்கம் ஒதுங்காத. நம்ம காட்டாறு மாதிரிதான் அது, இங்க வெயிலடிக்கும், மேல எங்கயோ பேஞ்சது இடுப்பு ஒசரத்துக்கு உருண்டு வரும். 2024 ஏப்ரல் 16ஆந் தேதி அல் ஐன் பக்கம் ஒரே நாள்ல 254 மில்லிமீட்டர் கொட்டுச்சே, 1949லருந்து எழுதி வெச்ச கணக்குல அதான் பெருசாம். வெள்ளம் ஓடற வாடிக்குள்ள வண்டிய எறக்குனா 2,000 திர்ஹாம் தண்டம், வண்டிய 60 நாள் புடிச்சி வெச்சிக்குவான். அறிவு இல்லாதவனுக்கு அபராதத்தால அறிவு வரவழைக்கற ஏற்பாடு, எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது.

ஆனா ஸ்டேட்டஸ் வெக்கறதுல மட்டும் கை கட்டு. போன வாரம் நீ அந்த மணல்மேட்டுல கையக் கட்டிக்கிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு நின்னியே, அத நூத்தியெட்டு பேரு பாத்தானுங்கன்னு சந்தோசப்பட்ட. நான் கணக்கு சொல்றேன் கேளு. மறுநாளே உங்க சித்தப்பன் கெணத்து மோட்டாரு ரிப்பேருன்னு வந்தான். சாயங்காலம் கோயில் கும்பாபிஷேக நோட்டு வந்துச்சி, உன் பேருக்கு நேரா அவங்களே தொகைய எழுதிக்கிட்டு வந்தாங்க. உங்கம்மா சீட்டுக்காரி ரெண்டு சீட்டு சேத்துக் கட்டுன்றா. ஒரு போட்டோ, மூணு வசூல். காத்து எறக்கிட்டு மணல்ல போறவன் ஊருக்குள்ள வரும்போது மட்டும் ஏண்டா அம்பது பவுண்டு அடிச்சிக்கிட்டு வரீங்க?

நாலாவதா எதிரூட்டுப் பையன் வந்தான். அவன் பணம் கேக்கல. "தாத்தா, நானும் போறேன், ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேக்கறான்"னான். அதுலதான் எனக்குக் கை காலு வெலவெலத்துடுச்சி. பதிவு பண்ண ஏஜெண்ட்டு 30,000 ரூபாயும் அதுக்கு வரியுந்தான் கட்டணமா வாங்கலாம், ஏஜெண்ட்டு பதிவு பண்ணவனான்னு இ-மைக்ரேட்ல பாத்துட்டு வாடான்னு அனுப்பி வெச்சேன். கேப்பானான்னு தெரியல. அவன் கண்ணுல உன் கறுப்புக் கண்ணாடிதான் தெரியுது.

ஏன் வெலவெலத்துச்சின்னு கேளு. நடு ஊட்டுல மாட்டியிருக்குதே என் போட்டோ, ஜுபைல்ல எடுத்தது. வெள்ளக் காருல சாஞ்சிக்கிட்டு, ஒரு காலு மடிச்சி நிக்கறனே, அதான். நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப அத நாற்காலி போட்டு ஏறித் தொடைப்ப, தாத்தா காருன்னு. அந்தக் காரு கேம்ப் வாசல்ல எவனோ என்ஜினீயரு நிறுத்துனதுடா. கண்ணாடி மலையாளிது, சட்டை ஆரணிக்காரனுது. என்னுது அந்தப் பல்லு மட்டுந்தான், அதுவும் இப்ப இல்ல. ரெண்டு வருசம் கழிச்சி மொத லீவுல வந்தேன். உங்கம்மாவுக்கு மூணு வயசு. என்னப் பாத்து ஒளிஞ்சிக்கிட்டா. ரொம்ப நேரம் கழிச்சி கதவு பின்னாலருந்து கேட்ட மொத கேள்வி, "காரு எங்க?"

என் சகலை அந்தப் போட்டோவப் பாத்துத்தான் ரெண்டு ஏக்கர் கெணத்து நெலத்த வித்தான். ஏஜெண்ட்டு பம்பாய் வரைக்கும் கூட்டிட்டுப் போயி ஒரு லாட்ஜுல உக்கார வெச்சிட்டு மறைஞ்சிட்டான். ஆறு மாசம் கழிச்சி தாடியோட திரும்பி வந்தான். சாவற வரைக்கும் என்ன ஒரு வார்த்த கேட்டதில்ல. கேட்டிருந்தா தாவலை.

நீ அந்த போட்டோவ இப்ப எறக்கு. மெதுவா, ஆணி ஆடுது. பின்னாடி அட்டைய உருவு. தெரியுதா, பால்பாயிண்ட் பேனாவுல நாந்தான் எழுதி அனுப்புனேன், உங்க ஆயாவுக்கு: "கார் என்னுது இல்ல. கட்டலு மேல் கட்டலு. மூட்டைப் பூச்சி. யார்கிட்டயும் சொல்லாத." அவளுக்கு அப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். படிச்சிட்டு அன்னைக்கே டவுனுக்கு நடந்து போயி கண்ணாடி போட்டுட்டு வந்தா, பின்பக்கம் தெரியாத மாதிரி அட்டை ஒட்டச் சொல்லி.

சரி, மாட்டு அத. நேரா மாட்டு. உரிச்சதுல பாதிய நீயே துன்னுட்ட, முறத்த இப்படித் தள்ளு.